வாளிக்கு ஒரு செயலி

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

சனி ஞாயிறு தூக்கத்தைத் தியாகம் செய்து, பைசா வாங்காமல், எங்கள் வட சென்னைக்காகச் செயலி எழுத முன்வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டோம். கண் கலங்கிவிட்டது. சாம்பலாகவும் இருக்கலாம், எங்கள் ஊரில் கண்ணீருக்குக் காரணம் சொல்வது கஷ்டம்.

ராயபுரத்தைத் தாண்டி வடக்கே தானாக வருபவை சில உண்டு: நிலக்கரித் தூள், கன்டெய்னர் லாரி, ஆலைக்கு இடம் கேட்கும் அறிவிப்பு, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வேட்பாளர். லேப்டாப்போடு வருகிறவர்கள் அபூர்வம். வாங்க, உட்காருங்க.

உங்கள் பகுதிக்கு என்ன செயலி வேண்டும் என்று கேட்கிறீர்கள். உங்கள் தொழிலில் முதலில் தேவைப் பட்டியலை எழுதி வாங்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவீர்களாம். நல்ல மரபு. எங்களைக் கேட்டுவிட்டு எங்களுக்கு எதையும் செய்தவர்கள் இதுவரை யாருமில்லை என்பதால், கிடைத்த வாய்ப்பில் கொஞ்சம் நீளமாகவே எழுதிவிட்டோம்.

அதற்கு முன் ஊரின் அந்தஸ்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சென்னை மாநகராட்சியின் மண்டலங்களில் திருவொற்றியூர்தான் மண்டலம் 1. 200 வார்டுகளில் முதல் வார்டு எண்ணூர்ப் பக்கம். சென்னையை எண்ண ஆரம்பித்தால் எங்களிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஸ்மார்ட் சிட்டித் திட்டம் வந்தபோது மட்டும் எண்ணிக்கை தியாகராய நகரிலிருந்து ஆரம்பித்தது. அங்கே பாண்டி பஜாரில், மக்கள் நிம்மதியாக நடப்பதற்கென்று 2019-இல் ஒரு வளாகம் திறந்தார்கள். எங்களுக்கு நடைபாதை தேவைப்படவில்லை. எங்களை நள்ளிரவில் எழுப்பி ஓடவே விடுகிறார்கள். அது நான்காவது தேவையில் வரும்.

தேவை 1: தொலைந்த ஆற்றைக் கண்டுபிடித்தல்

எந்தச் செயலியைத் திறந்தாலும் முதலில் வரைபடம்தான் வருகிறது. நாமும் அங்கேயே தொடங்குவோம். எண்ணூரில் ஒரு கழிமுகம் இருக்கிறது. கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் கடலைத் தொடும் இடம். கடல் உள்ளே ஏறும், இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இறாலும் நண்டும் மடவையும் பிழைக்கின்றன, அவற்றை நம்பி நாங்களும். 1996-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒப்புதல் கொடுத்த கடலோர வரைபடத்தில் அது நீர்நிலையாகவே இருந்தது. அலை ஏறி இறங்கும் நீர்நிலையை மேடாக்கிக் கட்டக் கூடாது என்பது கடலோர ஒழுங்காற்று மண்டல விதி.

2017-இல் சிலர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேள்வி போட்டார்கள். அப்போதுதான் மாநில அரசின் கையில் வேறொரு வரைபடம் இருப்பது தெரிந்தது. அதில் கழிமுகத்தைக் காணோம். ஆறாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட தண்ணீர், வெயிலுக்கு வேலை வைக்காமல், காகிதத்திலேயே வற்றியிருந்தது.

விதியை மீறினால் குற்றம். விதி பாயும் இடத்தையே வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டால் அது நிர்வாகம். இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவி எடுக்கும் பெண், அந்த வரைபடத்தின்படி தரையில் நிற்கிறார். புடவை நனைந்திருப்பது அவருடைய கற்பனை.

உங்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. நீங்கள் எழுதும் நிரலில் யாராவது ஒரு காற்புள்ளியை எடுத்தால்கூட, எடுத்தது யார், எந்த நாளில், எந்த நிமிடத்தில், என்ன காரணம் சொல்லி என்று ‘கிட்’ என்ற மென்பொருள் காட்டிக்கொடுத்துவிடும். காற்புள்ளிக்கு இருக்கும் பாதுகாப்பு கழிமுகத்துக்கும் வேண்டும். எந்த மேசையில் அது மறைந்தது, கையெழுத்துப் போட்ட பதவி எது என்று ஒரு பொத்தானை அழுத்தினால் தெரிய வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற உங்கள் திறந்த வரைபடத்தில் ஆற்றை நீங்கள் அழகாக வரைந்து தருவீர்கள், தெரியும். ஆறு எங்கே இருக்கிறது என்று எங்களுக்கும் தெரியும். அதை அழித்தவர் எங்கே இருக்கிறார் என்பதைத்தான் வரைந்து தர வேண்டும்.

தேவை 2: மறுப்புக் கடிகாரம்

2017 ஜனவரி 28 அதிகாலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ‘பிடபிள்யூ மேப்பிள்’ என்ற எரிவாயுக் கப்பலும் ‘டான் காஞ்சிபுரம்’ என்ற எண்ணெய்க் கப்பலும் மோதிக்கொண்டன. எண்ணெய் கசியவில்லை, சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்று துறைமுகம் அறிக்கை விட்டது. அறிக்கையைப் படிக்காத எண்ணெய் எர்ணாவூரில் கரையேறியது. தெற்கே மெரினாவையும் பார்த்துவிட்டு வந்தது. செத்த ஆமைகள் ஒதுங்கின. அவையும் அறிக்கையைப் படிக்கவில்லை.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் மழையோடு மழையாக மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்கு வந்தது. வீட்டுச் சுவர்களில் வெள்ளம் ஏறிய உயரத்துக்குக் கறுப்புக் கோடு. ‘எங்கள் குழாய் எதுவும் உடையவில்லை’ என்றது சிபிசிஎல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. ஆலை வளாகத்தில் மழைநீரைக் கையாளும் ஏற்பாடு போதவில்லை என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே பிறகு சொல்ல வேண்டியதாயிற்று. குழாய் உடையவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். எண்ணெய்க்குக் குழாய்தான் வேண்டும் என்று கட்டாயமா? எங்கள் வீட்டுக்கு அது கதவு வழியாகத்தான் வந்தது.

இதற்குத் தேவை ஒரு கடிகாரம். மூன்று முட்கள். ஊர்க்காரர் முதலில் கண்ணால் பார்த்த நேரத்தில் ஒன்று நிற்கும். கம்பெனியோ துறையோ ‘அப்படி எதுவும் இல்லை’ என்று சொன்ன நேரத்தில் இன்னொன்று. ‘ஆமாம், இருந்தது’ என்று ஒப்புக்கொண்ட நேரத்தில் மூன்றாவது. முதல் முள்ளுக்கும் மூன்றாவது முள்ளுக்கும் நடுவே எத்தனை மணி நேரம் எண்ணெய் யாருடைய தடையும் இல்லாமல் பரவியது என்பதைச் செயலி கணக்கிட வேண்டும். இந்தக் கடிகாரம் மணி அடிக்க வேண்டாம். சம்பளத்தில் கழித்தால் போதும்.

தேவை 3: வாளி மேலாண்மை மென்பொருள்

2017-இல் கரையில் எண்ணெய் கறுப்புச் சேறாகக் குவிந்தது. கழிவுநீர் உறிஞ்சும் லாரிகளைக் கொண்டுவந்தார்கள். கெட்டிக் கசடின் முன் அவை மூச்சு வாங்கின. கடைசியில் இந்த நாட்டில் ஒருபோதும் பழுதாகாத இயந்திரத்தை வரவழைத்தார்கள். அதன் பெயர் வாளி. கடலோரக் காவல் படையினர், மீனவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் பாறைகள்மேல் வரிசையாக நின்று, கை மாற்றிக் கை மாற்றி, வாளி வாளியாக அள்ளினார்கள். பெட்ரோலியக் கப்பல் வந்து போகும் துறைமுகத்தில், பெட்ரோலியம் கொட்டினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இருந்த விடை அவ்வளவுதான்.

ஆறு ஆண்டுகள் கழித்து 2023-இல் துறை நன்றாக வளர்ந்திருந்தது. வாளியோடு மக்கும் சேர்ந்திருந்தது. மீனவர்கள் தங்கள் சொந்த பைபர் படகில் உட்கார்ந்து, ஆலை அனுப்பிவைத்த எண்ணெயை மக்கால் மொண்டு எடுத்தார்கள். கூழைக்கடாக்கள் இறகில் எண்ணெய் ஏறிப் பறக்க முடியாமல் நின்றன. எண்ணெய் ஏறிய வலையைத் துவைக்க முடியாது. தூக்கித்தான் போட வேண்டும்.

பிறகு அரசு நிவாரணம் அறிவித்தது. 2,301 மீனவர் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளுக்குத் தலா 10,000. பாதிக்கப்பட்ட 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. மொத்தம் 8 கோடியே 68 லட்சத்துச் சொச்சம். கூட்டிப் பார்த்தோம், கணக்குச் சரியாக வருகிறது. இந்த விவகாரத்தில் சரியாக வந்த ஒரே கணக்கு அதுதான். ஆற்றுக்குத் தலா எவ்வளவு என்று மட்டும் பட்டியலில் இல்லை. இல்லாத ஆற்றுக்கு எப்படிக் கொடுப்பார்கள்?

ஆகவே மென்பொருளில் வேண்டியவை: வாளிக் கையிருப்பு, மக் கையிருப்பு, தோல் அரித்தவர் எண்ணிக்கை, அடுத்த கசிவுக்கு முன்பதிவு. வாளி வாங்கும் செலவு யார் கணக்கில் என்ற கட்டத்தையும் சேருங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் செயலி அடுத்த பக்கத்துக்குப் போகவே கூடாது. எங்களிடம் ஆதார் எண் கேட்கும்போது அப்படித்தானே செய்கிறீர்கள்?

தேவை 4: மூக்கு

2023 டிசம்பர் 26 நள்ளிரவு. எண்ணெய் இன்னும் கையை விட்டுப் போகவில்லை. பெரியகுப்பத்தில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. கண் எரிந்து, மூச்சு முட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சனம் சாலையில் ஓடியது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். எழுப்பியது சைரன் அல்ல. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார், அக்கம்பக்கத்தில் போன் போட்டார்கள். எங்கள் பேரிடர் எச்சரிக்கை மையம் என்பது பக்கத்து வீட்டுக்காரரின் மூக்கு.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வந்து அளந்தது. காற்றில் கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டிய அம்மோனியா 2,090. கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டியது 49. அளவு கச்சிதமாக இருந்தது. வாரியம் எப்போதும் கச்சிதமாக அளக்கும், நாங்கள் ஓடி முடித்த பிறகு. 5 கோடியே 92 லட்சம் ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு என்று பின்னர் விதிக்கப்பட்டது.

இங்கே உங்களுக்கு உணர்கருவி செய்யும் ஆசை வரும். நிறுத்துங்கள். கருவி ஏற்கெனவே இருக்கிறது. அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் புகைபோக்கியிலும் கழிவுநீர் வாயிலிலும் இரவுபகலாக அளக்கும் கருவியை வைத்து, அளவை நேரடியாக வாரியத்தின் சர்வருக்கு அனுப்ப வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-இலேயே உத்தரவு போட்டுவிட்டது. எங்கள் ஊர்ப் புகைபோக்கிகள் கிண்டியில் இருக்கும் வாரியத்தோடு நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கின்றன. அடியில் குடியிருக்கும் எங்களோடு பேச்சுவார்த்தை இல்லை. எண்ணூர்–மணலி ஆலைகளின் அந்தத் தரவை ஆய்வு செய்தவர்கள், தகவல் உரிமை மனு போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. எங்கள் மூக்குக்குள் போனது என்ன என்று தெரிந்துகொள்ள எங்கள் மூக்குக்கே விண்ணப்பப் படிவம்.

நீங்கள் செய்ய வேண்டியது கருவி அல்ல. அந்த சர்வரிலிருந்து ஊர்ப் பள்ளிக்கூடச் சுவர் வரை ஒரு கம்பி.

தேவை 5: ‘தீர்க்கப்பட்டது’

2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். நடுவில் ஐந்து ஆண்டுக்கும் மேல் சென்னையில் கவுன்சிலரே கிடையாது. கப்பல் மோதியது அந்தக் காலத்தில்தான், கொரோனா வந்ததும் அந்தக் காலத்தில்தான். வீட்டு வாசலில் போய் நின்று கத்துவதற்கு ஆள் இல்லாத ஊருக்கு, கையில் கொடுக்கப்பட்டது புகார் எண்.

புகார்ச் செயலிகளின் பண்பு உங்களுக்குத் தெரியாததல்ல. குப்பையைப் படம் பிடித்துப் போட்டால் எண் வரும். மறுநாள் அதே குப்பையின்மேல் நின்று பார்த்தால் ‘தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வரும். தீர்ந்தது எது? புகார்தான். குப்பை எங்கும் போகவில்லை. வேலை செய்ய வேண்டியவரே வேலை முடிந்தது என்று சான்றிதழும் கொடுத்துக்கொள்கிற ஏற்பாடு இது. தேர்வு எழுதியவனே விடைத்தாளைத் திருத்துகிற பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி இருக்கத்தான் செய்யும்.

இங்கிலாந்தில் 2007-இல் மைசொசைட்டி என்ற அமைப்பினர் ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் என்ற தளத்தைத் தொடங்கினார்கள். புகார் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கும். நான்கு வாரம் கழித்து, புகார் கொடுத்தவருக்கே மின்னஞ்சல் போகும்: சரியாகிவிட்டதா? கேள்வி போவது துறைக்கு அல்ல, தெருவில் இருப்பவருக்கு. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அது ஒரு மின்னஞ்சல். பத்தாம் வகுப்புப் பையன் எழுதிவிடுவான். ஆனால் பொத்தான் யார் கையில் என்பதை அது மாற்றிவிடுகிறது. எங்களுக்கும் அந்த ஒரு பொத்தான் போதும். ‘தீர்க்கப்பட்டது’ என்று அழுத்தும் உரிமை, அந்தத் தெருவில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பவருக்கு மட்டும்.

தேவை 6: பிடிஎஃப் உடைக்கும் சுத்தியல்

2020 மே, ஜூன் மாதங்களில் சென்னையில் கொரோனா கொடிகட்டிப் பறந்தது எங்கள் ராயபுரம் மண்டலத்தில். முதல் இடம் எங்களுக்குக் கிடைத்த அபூர்வமான சந்தர்ப்பம். அரசு தினமும் மாலை அறிக்கை வெளியிடும், பிடிஎஃப் கோப்பாக. நாட்டின் எல்லா மாநிலங்களின் அறிக்கைகளையும் தோண்டி, எண்களைப் பொறுக்கி, சரிபார்த்து, ஒரே இடத்தில் போட்டது எந்த அமைச்சகமும் அல்ல. கோவிட்19இந்தியா என்ற தளத்தை நடத்திய, உங்களைப் போன்ற தன்னார்வலர்கள். 2021 அக்டோபர் 31 வரை அதைச் செய்தார்கள். ஒன்றரை ஆண்டுக்கும் மேல், நூற்று நாற்பது கோடிப் பேர் வாழும் நாட்டின் சாவுக் கணக்கைச் சம்பளம் இல்லாத பிள்ளைகள் தட்டச்சு செய்தார்கள். எண்ணை எண்ணாகவே கொடுத்தால் மக்கள் கூட்டிப் பார்த்துவிடுவார்களே என்ற அச்சத்துக்கு ஆட்சியாளர்கள் கண்டுபிடித்த பூட்டுதான் பிடிஎஃப். அதை உடைக்க ஒரு சுத்தியல் வேண்டும்.

கூட்டினால் என்ன ஆகும்? 2020 ஜூலை 22 அன்று தமிழ்நாட்டின் கணக்கில் 444 சாவுகள் ஒரே நாளில் சேர்ந்தன. அன்று செத்தவர்கள் அல்ல. சென்னையில் முன்பே செத்து, அரசுப் பட்டியலில் இடம் கிடைக்காமல் காத்திருந்தவர்கள். ஆறு காணாமல் போகும் ஊரில் 444 பிணங்கள் தாமதமாகவாவது வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்ல வேண்டும்.

இது நோய்க்கு மட்டும் உள்ள வழக்கம் அல்ல. எந்தத் தெரு எந்த வார்டில் என்ற எல்லை வரைபடத்தைக்கூடக் கணினி படிக்கும் வடிவில் பொதுவில் போட்டுவைத்தது, 2011-இல் தொடங்கிய டேட்டாமீட் என்ற தன்னார்வக் குழு. தன் எல்லை எது என்று ஊரார் சொல்லித் தெரிந்துகொள்ளும் ஆட்சியை வேறு எங்கும் பார்க்க முடியாது.

தேவைகள் முடிந்தன. இனி உங்களைப் பற்றி.

உங்கள்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, அருண் கணேஷும் அவருடைய நண்பர்களும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு வெள்ள வரைபடம் போட்டார்கள். தண்ணீர் நிற்கும் தெருவை யார் வேண்டுமானாலும் தொட்டுக் குறிக்கலாம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தெருக்களைச் சனமே குறித்தது. அரசு வாய் திறக்காத நேரத்தில் ஊர் தன் வாயைத் தானே திறந்துகொண்டது. அது பெரிய வேலை, மறக்க மாட்டோம். ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு என்ன நடந்தது? தன்னார்வலருக்குப் பாராட்டு, பத்திரிகையில் படம், மாநாட்டில் மேடை. தெருவில் தண்ணீர் ஏன் நின்றது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அதே மேடையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார். ‘மக்கள் பங்கேற்பு’ என்று அவரும் கை தட்டினார்.

உங்கள் உழைப்பு அவர்களுக்கு வசதியாகப் போகிறது, தம்பி. நீங்கள் எண்ணினால் அவர்கள் எண்ண வேண்டாம். நீங்கள் வரைந்தால் அவர்கள் வரைய வேண்டாம். நீங்கள் எச்சரித்தால் சைரனுக்குச் செலவு மிச்சம். அதனால்தான் ஹேக்கத்தான் போட்டிக்குக் குளிர்பதன மண்டபம் இலவசமாகக் கிடைக்கிறது. புகை விடும் கம்பெனியே சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து டி-ஷர்ட்டும் பீட்சாவும் தருகிறது. முப்பத்தாறு மணி நேரத்தில் வட சென்னைக்குத் தீர்வு. பரிசளிப்பு, புகைப்படம். ஆறு மாதத்தில் டொமைன் கட்டணம் கட்ட மறந்துபோகும்; உங்களுக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்கும்; தீர்வைத் திறந்தால் ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்று வரும். கழிமுகத்துக்கு நடந்தது உங்கள் செயலிக்கும் நடக்கும். கழிமுகமாவது தண்ணீரில் இருக்கிறது.

இந்த ஊரில் பஞ்சம் தகவலுக்கு இல்லை என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். குழாய் எங்கே ஓடுகிறது என்று ஆலைக்குத் தெரியும். புகைபோக்கி என்ன கக்குகிறது என்று வாரியத்துக்குத் தெரியும். ஆறு எங்கே ஓடியது என்று கோப்புக்குத் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தவருக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் இல்லை என்பதுதான் இங்கே உள்ள பிழை. அந்தப் பிழையைத் திருத்தாத எந்தச் செயலியும் எங்களுக்கு இன்னொரு வாளி.

வாளியைக் கேவலமாகச் சொல்லவில்லை. அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதை இதே தமிழ்நாட்டில் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். கடலூர் சிப்காட்டில் 2004 வாக்கில், ஆலை வாசலில் குடியிருந்த கிராமத்து ஆண்களும் பெண்களும் நாற்றத்தைக் குறித்துவைக்கத் தொடங்கினார்கள். எந்த நாள், எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், அழுகிய முட்டை வாடையா, ரசாயன வாடையா என்று நோட்டில் எழுதினார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்து, மூடி, ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ‘உங்களுக்கு ஏதோ பிரமை’ என்று சொல்லிவந்தவர்கள் முன் ரசாயனங்களின் பெயர்ப் பட்டியல் வந்து விழுந்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த அபாயக் கழிவுக் கண்காணிப்புக் குழு வரை விஷயம் போனது. அவர்களிடம் செயலி இல்லை. நோட்டு இருந்தது, வாளி இருந்தது, யாரிடம் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும் என்ற தெளிவு இருந்தது. எண்ணூரில் எங்கள் கையில் கொடுத்த வாளி எண்ணெய் கொட்டியவர்களின் குற்றத்தைத் துடைக்க. கடலூரில் மக்கள் கையில் எடுத்த வாளி குற்றத்தைப் பிடிக்க.

அந்த இரண்டாவது வாளிக்குத்தான் செயலி கேட்கிறோம். அதற்குச் சில நிபந்தனைகள்.

செயலியின் கடைசிப் பக்கம் ‘நன்றி, உங்கள் புகார் பதிவானது’ என்று முடியக் கூடாது. மின்னணு ஆவணம் நீதிமன்றத்தில் செல்லுபடியாக வேண்டுமானால் சான்றிதழ் வேண்டும். பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. அந்தச் சான்றிதழ்ப் படிவத்தில், கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பைக்கூட எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊர் மீனவர் செல்போனில் எடுத்த எண்ணெய்ப் படம் ஊர் வாட்ஸப்போடு செத்துப்போவது அந்தச் சான்றிதழ் இல்லாததால்தான். அவர் படம் எடுத்த அந்த நொடியில் நேரம், இடம், ஹாஷ், நிரப்பிய படிவம் எல்லாம் சேர்ந்து வெளியே வர வேண்டும். இது உங்களுக்கு ஒரு சனிக்கிழமை வேலை. எங்களுக்கு ஒரு வழக்கு.

பதிவுகளில் தனி ஆள் பெயர் வேண்டாம். பதவியின் பெயர் வேண்டும். எந்தப் பொறியாளர் பதவி, எந்த வாரிய அலுவலகம், எந்த ஆலையின் எந்தப் பொறுப்பு. ஆள் மாற்றலாகிப் போகலாம். பதவி எங்கும் ஓடாது.

அரசு தர வேண்டிய தரவைக் கெஞ்சி வாங்கி அழகுபடுத்திக் காட்டாதீர்கள். ஆவணங்களைக் கணினியில் ஏற்றி, நாடு முழுவதும் வலைப்பின்னலில் கிடைக்கச் செய்ய வேண்டியது ஒவ்வொரு அலுவலகத்தின் கடமை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காவது பிரிவு 2005-இலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. கேட்பதற்கு முன்பே கொடு என்பதுதான் அந்தப் பிரிவு. தராத அலுவலகத்துக்கு உங்கள் செயலியில் ஒரு காலி இடம் விடுங்கள். எத்தனை நாளாகக் காலி என்று அதன்மேல் எண் ஓடட்டும். அவர்களுக்காக நீங்கள் நிரப்பிக் கொடுக்கும் ஒவ்வொரு கட்டமும் அவர்களுக்கு ஒரு நாள் கூடுதல் தூக்கம்.

சர்வரின் சாவியை எங்கள் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் கணினி படித்துவிட்டு, கன்டெய்னர் யார்டில் கணக்கு எழுதும் பெண்களும் பையன்களும் இருக்கிறார்கள். நீங்கள் அமெரிக்கா போனாலும் அவர்கள் இங்கேதான் இருப்பார்கள், நாற்றமும் இங்கேதான் இருக்கும். யாருக்கு மூக்கு எரிகிறதோ அவர் கையில் நிரல் இருந்தால் அது சாகாது.

கடைசியாக, திறப்பு விழா. மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம், கம்பெனி டி-ஷர்ட் வேண்டவே வேண்டாம். ஆலையின் மேலாளரையும் வாரியத்தின் அதிகாரியையும் பயனாளராக மட்டும் பதிவு செய்யுங்கள். செயலி வேலை செய்கிறதா என்று சோதிக்க அவர்களுக்கு ஒரு முதல் அறிவிப்பை அனுப்புங்கள். அது நீதிமன்றத்தின் அழைப்பாணையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
மண்டலம் 1